மூட்டம்

இந்த ஆண்டு வாசித்தவை என்னென்ன என்று நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், என் முறை வந்தது. உண்மையை மறைக்க மனமில்லை. தொடர்ச்சியாகவும் ஒழுங்காகவும் நான் வாசித்துவருவது வானிலை முன்னறிவிப்பையும் காற்றுத்தர அறிக்கையையும் மட்டுமே என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அதையெல்லாம் வாசிப்புக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். வீடு திரும்பும் ரயிலில், சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பல ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒன்று அதன் அடியில் கிடக்கிறது.

வானிலை அறிக்கையின் மொழி என் காதில் விழுந்தது வானொலி வழியாகத்தான். மதுரைப் பக்கம் ஒரு சிறு ஊர். மாநிலச் செய்திகள் முடியும் தறுவாயில் அப்பா கையை உயர்த்துவார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட வேண்டும். ‘ஓரிரு இடங்களில் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும்.’ அவ்வளவுதான். அப்பா கையை இறக்கி, ‘பெய்யும்னும் சொல்ல மாட்டான், பெய்யாதுன்னும் சொல்ல மாட்டான்’ என்பார். எங்களிடம் நிலம் ஏதும் இல்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். இருந்தும் அந்த ஒரு நிமிடத்தை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை.

‘ஓரிரு இடங்களில்’ என்பது வாய்க்கு வந்தபடி சொல்லும் மழுப்பல் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு வரையறை இருப்பது பின்னால் தெரிந்தது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மிகாமல் மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்களில்’. கால்வாசியிலிருந்து பாதிவரை என்றால் ‘சில இடங்களில்’. பாதிக்கு மேல் முக்கால்வரை ‘பல இடங்களில்’. அதற்கும் மேலே போனால் ‘பெரும்பாலான இடங்களில்’. கவிதையில்கூட இத்தனை கறாரான சொற்தேர்வைக் காண்பது அரிது. ஆனால் கேட்பவனுக்கு அதனால் என்ன ஆகிவிடப்போகிறது? அவனுடைய ஊர் அந்தக் கால்வாசிக்குள் வருமா வராதா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை.

2009இல் சிங்கப்பூர் வந்தேன். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலை. தலைக்கவசம் போட்டிருக்கிறானா, உயரத்தில் ஏறுபவன் இடுப்புக் கயிற்றை மாட்டியிருக்கிறானா என்று பார்த்துப் படிவத்தில் குறிப்பதும், காலை ஏழே முக்காலுக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அன்றைய ஆபத்துகளைச் சொல்வதும்தான் என் பிழைப்பு. இந்தக் காலைக் கூட்டத்துக்கு டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். தமிழ், வங்காளம், சீனம் என மூன்று மொழிகளில் நடக்கும். தமிழ் என் பொறுப்பு. இடி மின்னல் வருமா என்பது பாரந்தூக்கி இயக்குபவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால், வானிலை பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதியாக வந்து சேர்ந்தது.

இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு முன்னோட்டம் வெளியாகும். அந்த உரைநடை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. தென்மேற்குப் பருவக்காற்று நிலவுகிறது, காற்று தென்கிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசக்கூடும், சில நாட்களில் விடியலுக்கு முன் ‘சுமத்ரா’ எனப்படும் சூறைமழை வரக்கூடும். எல்லாமே ‘கூடும்’. இதற்கு மேலே, ஆசியான் நாடுகளுக்குப் பொதுவாக 1993இல் இங்கே அமைக்கப்பட்ட சிறப்பு வானிலை மையம் வட்டாரம் முழுவதற்குமான நிலவரத்தைத் தரும். சுமத்ராவில் எத்தனை தீப்புள்ளிகள், கலிமந்தானில் எத்தனை, புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைபடத்தோடு இருக்கும். அதில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் என்னை எப்போதும் நிறுத்திவிடும்: மேகம் மறைத்திருந்ததால் தீப்புள்ளிகளின் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்திருக்கலாம். தன் கண்ணுக்குப் படாததை இல்லை என்று சொல்லிவிடாத உரைநடை. நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இது கைவந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். (யோசிக்காமலும் இருக்கலாம், நட்பு முக்கியம்.)

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்றுதான் புகையைக் கொண்டுவரும். திசையை வைத்துப் பெயர் சொல்வதானால் அதற்கு நம் மொழியில் தென்றல் என்றுதான் பெயர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. நான்கு காற்றில் நாம் கொஞ்சிக் குலாவிய ஒரே காற்று இங்கே கண்ணைக் கரிக்கவைத்தது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த நம் முன்னோர்களின் திணைப் பகுப்பில் ஒரு நிலத்தின் காற்று இன்னொரு நிலத்துக்குப் போய்க் குற்றம் செய்வதற்கு இடமில்லை.

புகையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். சுமத்ராவிலும் போர்னியோவிலும் உள்ள சதுப்புக் காடுகளின் அடியில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் நீரில் ஊறி, மட்கியும் மட்காமலும் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. முற்றா நிலக்கரி என்று பாடப்புத்தகம் சொல்லும். நீரில் கிடக்கும்வரை அது சாது. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் நிலம் வேண்டிக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மேல்மண் காய்ந்து விறகாகிவிடும். 1996இல் சுகார்த்தோவின் அரசு மத்திய கலிமந்தானில் சுமார் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் புறப்பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியது. அடுத்த ஆண்டே எல் நினோ. நெல் விளையவில்லை, நிலம் எரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 226ஐத் தொட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு அதுவே உச்சம்.

குறியீடு 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதம், 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயகரமானது. ஐந்து வட்டாரங்களுக்குத் தனித்தனியாக எண் வரும். கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர் மட்டுமே உள்ள நாட்டில் ஐந்து எண்கள்! ஆனால் இந்தக் கதையில் சிக்கல் இடத்தால் வரவில்லை, பொழுதால் வந்தது. ஒரே காற்றுக்கு இரண்டு எண்கள் இருந்தன. கடந்த மூன்று மணிநேரத்தைக் கொண்டு ஒன்று, கடந்த இருபத்துநான்கு மணிநேரத்தின் சராசரியாக மற்றொன்று. உடல்நல ஆலோசனைகள் யாவும் இரண்டாவதை அடிப்படையாகக் கொண்டவை. சராசரி மெதுவாகத்தான் ஏறும். நேற்றைய நல்ல காற்று இன்றைய கெட்ட காற்றுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும்.

*

அவர் ராமநாதபுரம் மாவட்டக்காரர். முதுகுளத்தூரிலிருந்து உள்ளே போக வேண்டும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கம்பி கட்டும் வேலை. நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னை சார் என்பதை விடவே இல்லை. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். ‘வெள்ளத் தொப்பி போட்டவுகளச் சாருன்னுதான் சொல்லணும்’ என்று சிரிப்பார். ஊர் அருகாமையும் மொழியும் எங்களைச் சேர்த்து உட்கார வைத்தன. மதியம் கேட்டரிங் பொட்டலத்தைப் பிரித்ததும், சோறு புளித்துவிட்டதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எனக்கு நகர்த்துவார்.

2013 ஜூன் நடுவில் புகை வரத் தொடங்கியது. முதல் நாள் எல்லோரும் பக்கத்தில் ஏதோ எரிகிறது என்று நினைத்தார்கள். அவர் மட்டும் முகத்தைத் தூக்கி இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ‘இது மூட்டத்துப் பொகைல்ல சார்’ என்றார்.

‘ஆமாண்ணே, புகைமூட்டம்தான். ரேடியோவிலேயும் சொன்னாங்க’ என்றேன்.

‘அதில்ல சார். கரிமூட்டம். எங்கூருல போடுற மூட்டம். நெருப்பு வெளிய தெரியாது. மண்ணுக்குள்ள வேகுறப்ப இந்த வாடதான் வரும்.’

அன்று மதியம் முழுக்கக் கரிமூட்டத்தைப் பற்றித்தான் பேசினார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சீமைக்கருவேலத்தை வெட்டி, துண்டு போட்டு, கனத்த கட்டைகளை நடுவிலும் மெலிந்தவற்றை ஓரத்திலுமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, அதற்கு மேல் ஈரமண்ணைப் பூசி மூட வேண்டும். அடியில் சில துவாரங்கள் மட்டும். தீயை உள்ளே வைத்துவிட்டால் அப்புறம் அதை எரியவிடக்கூடாது, அணையவும் விடக்கூடாது. எட்டு நாளோ பத்து நாளோ, இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்று உள்ளே புகுந்தால் கட்டை தீப்பற்றிச் சாம்பலாகிவிடும், உழைப்பு மொத்தமும் போயிற்று. உடனே அந்த வெடிப்பின் மேல் ஏறி மண்ணைப் பூச வேண்டும். மூட்டத்தின் மேல் ஏறுவதற்கு எடை குறைந்த ஆள் வேண்டும் என்பதால் பையன்களைத்தான் ஏற்றுவார்கள். இவர் எட்டு வயதில் ஏறியிருக்கிறார். வெள்ளையாகக் குமுறிக்கொண்டு வந்தால் கட்டையில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், நீலமாக, மெல்லிசாக, கண்ணாடி போல வந்தால் கரி விளைந்துவிட்டது.

‘பொகைக்குள்ள படுத்துதான் சார் தூங்குவோம். காலைல எந்திரிச்சுத் துப்புனா கறுப்பா வரும். பன்னெண்டு வயசுல எனக்கு இளைப்பு வந்துருச்சு. அம்மா ஆடாதொடை கசாயம் வச்சுக் குடுக்கும். இப்பயும் பனிக்காலத்துல கொஞ்சம் இழுக்கும். இங்க மெடிக்கல்ல சொல்லலை, சொன்னா பெர்மிட் கெடைக்காதுல்ல.’

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

பின்னாளில் சுமத்ராவின் சதுப்பு நிலத் தீ பற்றி விஞ்ஞானிகள் எழுதியதைத் தேடிப் படித்தபோது வியந்துபோனேன். காற்று போதாமல் மண்ணுக்கடியில் புகைந்து புகைந்து நகரும் தீ. மேலே தீயை அணைத்துவிட்டுப் போனால் சில நாட்களில் வேறொரு இடத்தில் தலைகாட்டும். விமானத்திலிருந்து கொட்டும் நீர் மேற்பரப்போடு நின்றுவிடும். பெருமழை பெய்து நிலத்தடி நீர் ஏறினால்தான் அணையும். பற்றி எரியும் தீயைவிடப் புகைந்து வேகும் தீ நுண்துகளை அதிகம் கக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருந்ததை அவர் மூக்கால் கண்டுபிடித்திருந்தார். ஒரே வித்தியாசம், இங்கே மூட்டத்துக்குக் காவல் இருக்க ஆள் இல்லை.

*

ஜூன் 19, புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மூன்று மணிநேர எண் 321. பழைய உச்சமான 226 எங்கோ பின்னால் போய்விட்டது. மருந்துக்கடைகளில் என்95 முகமூடிக்காக வரிசைகள். பள்ளிகளுக்கு ஜூன் விடுமுறை என்பதால் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். வியாழக்கிழமை விடியலில் எண் இறங்கியிருந்தது. எதிரே இருந்த அடுக்குமாடிகள் மங்கலாகவேனும் தெரிந்தன.

அன்று எங்கள் தளத்தில் நான்காவது தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். ஆயத்தக் கான்கிரீட்டுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லியாயிற்று. லாரிகள் புறப்பட்டுவிட்டன. கட்டுமானம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கான்கிரீட் போடத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் முன்னது இறுகிப் பின்னது அதோடு ஒட்டாமல் ஒரு கோடு விழும். கோல்டு ஜாயிண்ட் என்பார்கள். பிறகு உடைத்து எடுத்துத் திரும்பப் போட வேண்டிவரலாம். செலவு, தாமதம், அபராதம்.

தள மேலாளர் கண்டெய்னர் அலுவலகத்துக்கு வந்தார். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த எண்ணைத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும் என்று எல்லோருக்குமான ஒரே உத்தரவு ஏதும் இல்லை. இடர் மதிப்பீடு செய்து முதலாளிதான் முடிவெடுக்க வேண்டும். இடர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புபவன் நான். ‘இருபத்துநான்கு மணிநேர எண் எவ்வளவு?’ என்று கேட்டார். சொன்னேன். ‘விதி அதைத்தானே சொல்கிறது?’ என்றார். ஆமாம் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ‘முகமூடி அணிந்து, இடைவேளைகளுடன் தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதும்போதே, முந்தைய இரவின் 321 அந்தச் சராசரிக்குள் கரைந்து கிடப்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாத அளவுக்கு நான் அந்த அறிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

முகமூடிகள் ஆளுக்கு ஒன்று தேறவில்லை. மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். ஒருவர் போட்ட முகமூடியை இன்னொருவர் போடுவது சரியில்லை என்று பயிற்சி வகுப்பில் படித்தவன்தான் நான்.

பிற்பகல் ஒரு மணிக்கு எண் 371. பாரந்தூக்கியின் மேல்நுனி கண்ணுக்குத் தெரியவில்லை, அதை இயக்குபவர் வானொலிக் கருவியில் சொல்வதை நம்பித்தான் வாளியை இறக்கினார்கள். இன்னும் நான்கு லாரி பாக்கி என்றார்கள். நான்கு லாரி என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம். நான் மேலே போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம், அந்த அதிகாரம் எனக்கு உண்டு, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரின் பணி விவரத்தில் அது எழுதியே இருக்கிறது. போகவில்லை. இரண்டாவது லாரி முடிவதற்குள் இரண்டு வங்காளப் பையன்கள் அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அருகே உட்கார வைத்தார்கள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்க, வாயைத் திறந்து காற்றைத் தேடினார். பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும், ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு கையைத் தூக்கி அசைத்தார்.

மருத்துவமனையில் புகைக்கருவி வைத்து மூச்சைச் சீர்செய்தார்கள். மாலைக்குள் தேறிவிட்டார். இரண்டு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நண்பகலில் 401. தளம் மூடப்பட்டிருந்தது, கான்கிரீட் முடிந்துவிட்டதல்லவா. நான் மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பவ அறிக்கை எழுதினேன். ‘காரணம்’ என்ற கட்டம் ஒன்று உண்டு. அதில் புகை என்று எழுதினால், புகையில் ஏன் வேலை செய்யவிட்டீர்கள் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என் கையெழுத்துதான் பதில். வெகுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: தொழிலாளிக்குச் சிறுவயது முதலே மூச்சிரைப்பு இருந்துள்ளது, அதை அவர் தெரிவிக்கவில்லை.

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சோற்றுப் பொட்டலத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னதை எடுத்து, அவருக்கு எதிராக நிறுத்தினேன். மேலாளர் படித்துவிட்டு, ‘தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்’ என்றார். தெளிவாக எழுத வேண்டும் என்று சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாகப் பேசியவன் நான்.

*

அந்த வார இறுதிக்குள் காற்று திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்து, மக்கள் பூங்காக்களுக்குப் போனார்கள். அதே ஞாயிறு, ஜூன் 23 அன்று, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மூவாரில் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நமக்கு விடிந்தது என்றால் பக்கத்து வீட்டில் இருட்டிவிட்டது என்றுதான் பொருளாக இருந்தது. மறுநாள் இந்தோனேசிய அதிபர் யுதயோனோ இரு நாடுகளிடமும் மன்னிப்புக் கேட்டார். (இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களுடைய துணை அதிபர் கல்லா, பதினோரு மாதம் எங்கள் காட்டின் நல்ல காற்றைச் சுவாசித்தீர்களே, அதற்கு நன்றி சொன்னதுண்டா என்கிற தொனியில் பேசினார். அநியாயமான பேச்சுதான். ஆனாலும் அதிலிருந்த ஒரு கூர்மையை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.)

2014 ஏப்ரலில் குறியீட்டைக் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். இரண்டரை மைக்ரானுக்கும் குறைவான, தலைமுடியின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் அன்றிலிருந்துதான் குறியீட்டுக்குள் சேர்க்கப்பட்டன. அதுவரை அவற்றுக்குத் தனி எண். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை அவைதான். ஆக, நான் கையெழுத்திட்ட அந்தச் சராசரி, மூச்சை உண்மையில் முட்டவைத்ததைக் கணக்கில் கொள்ளாத சராசரி. இதை அறிந்தபோது ஒரு கணம் ஆறுதலாக இருந்தது, எண்ணே தவறு என்றால் என் தவறு குறைகிறதே என்று. அந்த ஆறுதலை அடுத்த கணமே வெட்கத்துடன் கீழே வைத்தேன்.

அதே ஆண்டில் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. திட்டம் முடிந்துவிட்டது, ஆள்குறைப்பு என்றார்கள். அவருடன் இன்னும் பதினோரு பேர் போனார்கள். ஆகவே அறிக்கைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. அறிக்கை காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வழியனுப்ப விமான நிலையம் போனேன். பெட்டி எடை கூடிவிட்டது என்று இரண்டு கிலோ பால்மாவு டப்பாக்களை வெளியே எடுத்து என்னிடம் கொடுத்தார், யாராவது ஊருக்குப் போனால் கொடுத்துவிடுங்கள் என்று. அப்போது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். கூட்டமாக இருந்தது. கூட்டம் இல்லாமல் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

2015இல் மறுபடியும் எல் நினோ. இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளை மூடினார்கள். அந்த முறை எங்கள் தளத்தில் மூன்று மணிநேர எண்ணைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொன்னேன், இரண்டு முறை. மேலாளர் வேறு ஒருவர். ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு எளிதா இது என்று இருந்தது. அடுத்த ஆண்டு அந்த வேலையை விட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து செய்யும் வேறொரு வேலைக்கு மாறிக்கொண்டேன். அறிக்கை வாசிப்பதை மட்டும் விட முடியவில்லை.

*

அவரோடு தொலைபேசித் தொடர்பு இருக்கிறது. ஊருக்குப் போனவர் இரண்டு ஆண்டு எதை எதையோ செய்து பார்த்துவிட்டு, மூட்டத்துக்கே திரும்பிவிட்டார். இப்போது பையன்களை ஏற்றுவதில்லையாம், இவரே நின்று ஆள்வைத்துச் செய்கிறார். இழுப்பு மருந்துக் குழலைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். மருத்துவர் புகைப் பக்கமே போகக்கூடாது என்றாராம். ‘போகாம?’ என்று என்னிடம் கேட்டார். அவருடைய நுரையீரலில் கருவேலத்தின் புகை எவ்வளவு, சுமத்ராவின் புகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு மருத்துவராலும் முடியாது. அந்தப் படிவத்தில் நான் மட்டும்தான் பிரித்துச் சொல்லியிருந்தேன்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை, குறியீடு இங்கே 100ஐத் தாண்டியது. 2019க்குப் பிறகு முதல் முறை. ஜன்னலைத் திறந்தேன், வாடை வந்தது. அது அவர் சொன்ன வாடை. மறுநாள் அவரை அழைத்தேன். இம்முறை சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அழைத்தேன்.

‘சார், நானே கூப்புடணும்னு இருந்தேன்’ என்றார். ‘மூட்டம் அடுக்கி வச்சாச்சு. பெரிய மூட்டம். கடன் வாங்கிப் போட்டது. இந்த வாரம் தீ வைக்கலாமா, மழை வந்துருமா? நீங்கதான் அதையெல்லாம் படிப்பீகளே.’

எடுத்த எடுப்பில் வேறு எதையும் பேச முடியவில்லை. கணினியைத் திறந்து சென்னை மண்டல வானிலை மையத்தின் பக்கத்தைப் பார்த்தேன். தென்மேற்குப் பருவமழை விலகும் காலம், வடகிழக்கு இன்னும் தொடங்கவில்லை. மாவட்ட வாரியாகப் பார்த்துச் சொன்னேன். பத்து நாள் வறண்டு கிடந்தால்தான் மூட்டம் தப்பும், நனைந்தால் கரி தேறாது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. முதலில் அந்த வாரத்தின் நிலவரத்தைச் சொல்வேன். பிறகு அவர் இழுப்பு எப்படி இருக்கிறது என்று சொல்வார். சொல்ல வேண்டியது அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும்.

போன ஞாயிறு வாசித்துக் காட்டினேன். ‘தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசான மழை பெய்யக்கூடும்.’

கொஞ்ச நேரம் எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

‘ஓரிரு எடம்னா, அது நம்ம எடமா சார்?’ என்றார்.